ஆன்ட்டி-ஏலியாசிங்: விளிம்பு நிரவலா, போலிநீக்கமா?

கோவையிலிருந்து:
வணக்கம். படத்தொகுப்பு மென்பொருள் ஒன்றின் எழுத்துக் கருவிப் பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். எழுத்தின் ஓரத்தைச் சீராக்கும் ஆன்ட்டி-ஏலியாசிங் டிக் பெட்டிக்கு யாரோ, ஏலியாஸ் என்றால் மாற்றுப்பெயர் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து, 'மாற்றுப்பெயர் எதிர்ப்பு' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 16 பிக்சல் உயரப் பொத்தானில் 'வண்ணம்' என்று எழுதிப் பாருங்கள். டிக் இல்லையென்றால் ணகரத்தின் சுழிகள் அடைபட்டு 'வன்னம்' ஆகிவிடுகிறது. டிக் போட்டால் ஓரப் புள்ளிகள் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களை எடுத்துக்கொள்கின்றன. படிக்கட்டாக நின்ற கோடு வளைவாகத் தெரிகிறது. 'விளிம்பு நிரவல்' சரியாக வருமா?

தஞ்சாவூரிலிருந்து:
அருமையான வேர். நிரவு, நிரை, நிரல், நிரப்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் கருத்து. மேடுபள்ளத்தைச் சமன் செய்வதும் நிரவல், கச்சேரியில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு விதவிதமாக விரித்துப் பாடுவதும் நிரவல். காரைக்கால் பக்கத்து நிரவி என்ற ஊர்ப்பெயரையும் இந்த வேரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து:
ஐயா, ஊர்ப்பெயரை அப்புறம் பார்க்கலாம். நான் சிக்னல் பாடம் நடத்துகிறேன். ஒலியைப் பதியும்போது, மாதிரி எடுக்கும் வேகத்தில் (நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதில்) பாதிக்கு மேற்பட்ட அதிர்வெண் தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டு வந்து நிற்கும். இந்த வேடத்துக்குப் பெயர்தான் ஏலியாசிங். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதும் இதனால்தான். ஒலிக்கு ஏது விளிம்பு? ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நிற்பதற்கு இலக்கணத்திலேயே பெயர் இருக்கிறது: போலி. அறம், அறன் ஆவது கடைப்போலி. ஆகவே 'போலிநீக்கம்'. படம், ஒலி இரண்டுக்கும் பொருந்தும்.

மதுரையிலிருந்து:
அம்மா, போலியில் பொருள் மாறாது. அறன் என்றாலும் அறமே. நீங்கள் சொல்லும் அதிர்வெண்ணில் பொருளே கெட்டுப்போகிறது. நன்னூல் படித்தவர் எவரும் இதை ஏற்க மாட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நன்னூல் படியாதவர்களும் ஏற்க மாட்டார்கள். போலி என்றதும் கள்ளச் சாமான்தான் ஞாபகம் வரும். எழுத்துருவில் எது போலி என்று பிள்ளைகள் தேடுவார்கள். 'மென்விளிம்பு' போதாதா? சின்னப் பெட்டிக்குள் அடங்கும்.

கோவையிலிருந்து:
மென்விளிம்பு என்றால் மங்கலாக்குவது என்று நினைத்து டிக்கை எடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது தெளிவு.

தஞ்சாவூரிலிருந்து:
ணகரம் பற்றி ஒன்று. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை என்பது துதிக்கை வைத்த ஒற்றை வடிவம். அது இருந்திருந்தால் 16 பிக்சலில் என்ன பாடுபடும்! எழுத்துருவின் வரலாற்றிலிருந்து தொடங்காமல் சொல் மட்டும் ஆக்குவது முறையல்ல என்பேன். இது குறித்து விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து:
கட்டாயம் எழுதுங்கள் ஐயா. நாளை வெள்ளி. இதுவரை வந்தவற்றுள் விளிம்பு நிரவலே பொருந்துகிறது. அதையே போட்டு அனுப்புகிறேன்.

சென்னையிலிருந்து:
பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பாடத்தில் போலிநீக்கம் என்றே எழுதுவேன். ஒரே கணக்குக்கு இரண்டு பெயர் சொல்லி மாணவரைக் குழப்ப மாட்டேன். அதற்குப் பக்கத்திலேயே ஹின்ட்டிங் என்று ஒன்று இருக்குமே, அதற்கு என்ன போட்டீர்கள்? 'குறிப்பு' என்று போட்டுவிடாதீர்கள். அது எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்தி நிறுத்தும் வேலை.