அயான் சேனலுக்கு ‘அயனிமடை’: என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

சோடியம், கால்சியம் போன்ற அயனிகளை (மின்னூட்டம் பெற்ற அணுக்களை) செல் சவ்வின் வழியே விடும் புரதம்தான் அயான் சேனல் (ion channel). அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம் குழுவில் பேச்சு வந்தபோது, ‘அயனித் தடம்’ போதும் என்று ஐயா எழுதியிருந்தார். அக்கா ‘அயனி வாய்க்கால்’ என்றார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்தியல் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் ‘அயனிமடை’யை முன்வைக்கிறேன்.

தடமும் வாய்க்காலும் திறந்தே கிடப்பவை. செல் சவ்வில் இருக்கும் இந்தப் புரதம் அப்படியில்லை. சவ்வின் மின்னழுத்தம் மாறினாலோ ஒரு வேதிப்பொருள் வந்து ஒட்டினாலோ திறக்கும். திறந்திருக்கும்போது விநாடிக்கு ஒரு கோடி என்ற வேகத்தில்கூட அயனிகள் பாயும். அப்புறம் மூடிக்கொள்ளும். பல மருந்துகள் கை வைப்பதே இந்தத் திறப்பிலும் மூடலிலும்தான். எங்கள் மதுரைப் பக்கம் கண்மாய்க் கரையில் மடை என்பது தண்ணீரை வேண்டும்போது விட்டு, வேண்டாதபோது அடைக்கிற இடம். அதற்கு அப்பால் வயலுக்கு ஓடுவதுதான் வாய்க்கால். ‘மதகு’ம் பொருந்தும், ஆனால் கூட்டுச்சொல்லில் மடைதான் நாக்கில் புரள்கிறது.

சொல்லிப் பாருங்கள்: ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் ஒரு கால்சியம் மடையடைப்பி. பல் பிடுங்கும்முன் ஊசியில் ஏற்றும் லிக்னோகெய்ன் ஒரு சோடியம் மடையடைப்பி. திறக்க வைப்பது மடைதிறப்பி. ஆனால் மாடுலேட்டருக்கு ‘மடைமாற்றி’ என்று யாரும் போட்டுவிட வேண்டாம். மடைமாற்றுதல் என்றால் பாதையைத் திருப்பிவிடுவது. இங்கே பாதை மாறுவதில்லை, பாய்ச்சலின் அளவுதான் கூடிக்குறைகிறது. ‘மடைச் சீராக்கி’ எனலாம்.

இன்னொன்று. சோடியம் மடைக்கு மூடிய நிலை, திறந்த நிலை தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு: வாசல் திறந்திருந்தும் உள்ளிருந்து அடைபட்ட நிலை. அதை மூடியது என்றே எழுதினால் பாடம் குழம்பும். லிக்னோகெய்ன் திறந்த நிலையிலும் இந்த மூன்றாம் நிலையிலும்தான் இறுகப் பற்றுகிறது. ஓயாமல் துடிக்கும் நரம்பில் அதன் பிடி கூடுவது அதனால்தான். இந்த மூன்றாம் நிலைக்கு ‘முடங்கிய நிலை’ என்பது என் யோசனை.

சரி, மருந்தாகக்கூடிய சேர்மங்களைத் தேடிப் பிரிக்கும் ஸ்கிரீனிங்குக்கு வருவோம். ‘திரையிடல்’ வேண்டவே வேண்டாம், கேட்டவுடன் சினிமாதான் நினைவுக்கு வரும். ஆய்வுக்கூடத்தில் நடப்பது இது: ஒரு குறிப்பிட்ட மடையை மிகுதியாக உண்டாக்கும் செல்களை 384 குழித் தட்டில் வளர்க்கிறார்கள், கால்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றுகிறார்கள், குழிக்கொரு சேர்மம் இட்டு எது ஒளியைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று பார்த்துப் பெரும்பாலானவற்றைக் கழிக்கிறார்கள். ‘சலித்தெடுப்பு’ என்ற சொல்லில் கழிப்பதும் எடுப்பதும் இரண்டும் இருக்கின்றன.

தேறியவை, மடை வழியே பாயும் மின்னோட்டத்தை அளக்கும் பேட்ச் கிளாம்ப் (patch clamp) என்ற சோதனைக்குப் போகும். ஒரு மைக்ரோமீட்டர் அளவு வாயுள்ள கண்ணாடிக் குழலைச் செல்லின்மேல் வைத்து லேசாக உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு கிகா ஓம் (நூறு கோடி ஓம்) தடை வரும்வரை இறுகும். அப்போது ஒற்றை மடையின் மிகச் சிறிய, பிகோஆம்பியர் அளவிலான மின்னோட்டம்கூடத் திரையில் படிப்படியாக ஏறி இறங்குவது தெரியும். செல் சவ்வில் ஒற்றை மடையின் மின்னோட்டத்தை 1976-இல் முதலில் பதிவு செய்த ஜெர்மன் விஞ்ஞானிகள் நேயருக்கும் சாக்மனுக்கும் 1991-இல் நோபல் கிடைத்தது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை என்பதற்கு இதயச் செல்களில் உள்ள ஹெர்க் (hERG) என்ற பொட்டாசியம் மடையே போதும். ஒவ்வாமைக்குத் தந்த டெர்ஃபெனடின் அந்த மடையை அடைத்து இதயத் துடிப்பைக் கெடுத்தது. 1990களில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று பெரும்பாலான புது மருந்துகளை, ஹெர்க்கை அடைக்கின்றனவா என்று பார்க்காமல் மனிதர்களிடம் கொண்டுபோவதில்லை. ஒரு மாணவன் ‘ஹெர்க் மடையடைப்பு’ என்று படிக்கும்போது என்ன நடந்தது என்பது அந்தச் சொல்லிலேயே அவனுக்குத் தெரிய வேண்டும்.

‘மடையன்’ என்று வகுப்பில் கேலி வரும் என்று தம்பி ஒருவர் பயந்திருந்தார். மடை திறந்த வெள்ளம் என்று நாள்தோறும் சொல்கிறோம், யாரும் சிரிப்பதில்லை.

பேட்ச் கிளாம்புக்கு ‘சவ்வுக்கவ்வல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அயனிமடையைப் பாடத்தில் சேர்த்துவிடட்டுமா?