வீட் மேட்டும் யூ பின்னும் எவ்வளவு வாங்குவது?

செம்பருத்தி கேட்டது:
வீட்டுக்குப் பின்னால் 30 அடி நீளம், 22 அடி அகலத்தில் காலி இடம். களை பிடுங்கி மாளவில்லை. வீட் மேட் (களை முளைக்காமல் தடுக்கும் நெய்த விரிப்பு) விரித்து மேலே சரளைக்கல் கொட்டப் போகிறேன். நடுவில் மூன்று செடிகள் அப்படியே இருக்க வேண்டும். மொத்தம் 660 சதுர அடி. 6 அடி அகலம், 100 அடி நீளமுள்ள ரோல் 600 சதுர அடி வரும். கூட 10 அடி வாங்கினால் சரியாகிவிடுமா? அதைத் தரையோடு பிடித்து வைக்கும் யூ வடிவக் கம்பியான யூ பின் சதுர அடிக்கு ஒன்று என்கிறார் ஒருவர், மொத்தமே நூறு போதும் என்கிறார் இன்னொருவர். அகலவாட்டில் தரை லேசாகச் சரிந்திருக்கிறது.

மண்வெட்டி:
சதுர அடிக் கணக்கு இதற்கு உதவாது. மேட் பட்டை பட்டையாகத்தான் தரையில் விழும், அதனால் பட்டைகளை எண்ணுங்கள். பக்கத்துப் பட்டை மேல் அரை அடி ஏற வேண்டும். முதல் பட்டை 6 அடி மூடும், அதற்கப்புறம் ஒவ்வொன்றும் ஐந்தரை அடிதான். நான்கு பட்டை போட்டால் இருபத்திரண்டரை அடி. உங்கள் அகலம் 22, ஆக இரண்டு ஓரத்திலும் மண்ணுக்குள் மடித்துவிட மூன்று மூன்று அங்குலம் கிடைக்கிறது. நீளத்தில் இரு முனையிலும் அரை அடி மடிப்பு வைத்தால் பட்டை ஒன்றுக்கு 31 அடி. நான்குக்கு 124 அடி.

100 அடி ரோலில் மூன்று பட்டை முழுதாகக் கிடைக்கும், 7 அடி மிஞ்சும். நான்காவதைத் துண்டு துண்டாக ஒட்டுப் போடாதீர்கள், ஒவ்வொரு ஒட்டிலும் களை தலை நீட்டும். கூடவே 50 அடி ரோல் ஒன்று வாங்குங்கள். குறுக்குவாட்டில் விரித்தால் ஆறு பட்டை, 138 அடி ஆகும். நீளவாட்டில் போடுவதுதான் லாபம், இணைப்பும் குறைவு. சரிவின் கீழ்ப்பக்கம் தொடங்கி, ஓடு வேய்வது போல மேல் பட்டை கீழ்ப் பட்டையின் மேல் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் மழைநீர் இணைப்புக்குள் புகுந்து மண்ணை அரிக்கும்.

இனி பின். காற்று தூக்குவது ஓரத்தையும் இணைப்பையும்தான், அங்கே நெருக்கமாக அடியுங்கள். சுற்றளவு 104 அடி, அடிக்கு ஒன்று. மூன்று இணைப்பிலும் ஒன்றரை அடிக்கு ஒன்று, முனைகளை விட்டால் 57. பட்டையின் நடுவில் மூன்றடிக்கு ஒன்று, 36. செடிக்கு வட்டமாக வெட்டாமல் பெருக்கல் குறி போலக் கீறி, நான்கு மடலையும் மடித்து ஒவ்வொன்றிலும் ஒரு பின், அது 12. ஆக 209. அடிக்கும்போது வளைந்து போவதற்கும் சேர்த்து 250 வாங்குங்கள்.

வேலிப்பருத்தி:
பின்னின் நீளத்தையும் பாருங்கள். கெட்டி மண்ணுக்கு 6 அங்குலம் போதும். பொலபொலவென்ற மண்ணில் அது பிடிக்காது, 8 அங்குலமாவது வேண்டும். கல் உள்ள இடத்தில் இரும்புக் கம்பியால் முதலில் துளை போட்டுவிட்டு இறக்குங்கள். முலாம் பூசாத சாதா பின் துருப்பிடித்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஈரமண்:
விரிக்கும் முன் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அதன் கூர்முனை மெல்லிய மேட்டைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். சரளை 2 அங்குல உயரத்துக்கு 110 கன அடி பிடிக்கும். சருகை அவ்வப்போது கூட்டி எடுக்காவிட்டால் அது மக்கி மண்ணாகி, விதை வீட் மேட்டுக்கு மேலேயே முளைக்கும். அதை எந்தத் துணியும் தடுக்காது.

செம்பருத்தி:
மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: சரிவின் மேல்பக்கம் முழுக்கச் சுவர். அங்கே மடிக்க மண்ணே இல்லையே?

மண்வெட்டி:
நல்லதுதான். சுவரை ஒட்டி மேட்டை நிறுத்துங்கள், மிச்சமாகும் அரை அடி முழுவதும் கீழ் ஓர மடிப்புக்கே கிடைக்கும். பின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம், சுவரோரமும் அடிக்கு ஒன்று. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி அடியுங்கள், ஒட்டி அடித்தால் அஸ்திவாரத்தில் பட்டு வளையும்.