ஒரே சாயல், வேறு பொருள்

மெய்ப்பு பார்ப்பவர்:
எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் சிவப்புக் கோடு போடாமல் விடுகிற பிழைகள்தான் என் பிழைப்பு. இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல் என்றால் அது எதைப் பிடிக்கும்? போன வாரம் ஒரு கடன் ஒப்பந்த வரைவு வந்தது. அசலைக் குறிக்கும் பிரின்சிபல் என்ற ஆங்கிலச் சொல் ‘ஏ-எல்’ என்று முடிய வேண்டும். ‘எல்-ஈ’ என்று முடிந்தால் அது கொள்கை. இதில் எல்லா இடத்திலும் ‘எல்-ஈ’ என்று முடிந்திருந்தது. அதாவது, கடன் வாங்கியவர் தன் கொள்கையை வட்டியோடு மாதத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும்! எழுதியவரிடம் காட்டினேன். மனிதர் சிரிக்கவில்லை. “வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தானே அனுப்பினேன்?” என்றார். இந்த ஜோடிக்கு அது உதவாது, உச்சரிப்பு ஒன்றே. நான் தேடல் பெட்டியில் முதல் ஏழு எழுத்தை மட்டும் போட்டு, வந்து நிற்கும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பேன். ‘முதன்மையான’ என்ற பொருளில் அடையாக நின்றால், கண்ணை மூடிக்கொண்டு ‘ஏ-எல்’ ஆக்கிவிடலாம். ‘எல்-ஈ’க்கு அந்த வேலையே கிடையாது.

மருந்தாளுநர்:
உங்களுக்குக் காசு, எங்களுக்கு உயிர். ஹைபர்கிளைசீமியா என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஹைபோ என்றால் இறங்கியிருக்கிறது. வைத்தியம் நேர் எதிர். இரைச்சலான தொலைபேசியில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் நான் “ஏறியதா, இறங்கியதா, அளவு எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு பேசுவேன். மறுமுனையில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மருந்துப் பெயர்கள் இன்னும் மோசம். ஹைட்ராக்ஸிசின் அரிப்புக்கு, ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு. தொடக்கமும் முடிவும் ஒன்று, நடுவில்தான் வித்தியாசம். இப்படிப்பட்ட பெயர்களில் மாறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி 2001இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. பெயரையே மாற்றியதும் உண்டு. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் லோசெக், சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸோடு குழம்புகிறது என்று 1990இல் அங்கே பிரிலோசெக் ஆனது.

ஆங்கில ஆசிரியை:
‘அஃபெக்ட் வினைச்சொல், எஃபெக்ட் பெயர்ச்சொல்’ என்று கரும்பலகையில் எழுதினேன். மறுநாளே ஒரு மாணவி செய்தித்தாள் துண்டை நீட்டினாள். புதிய சட்டம் ஒரு மாற்றத்தை ‘எஃபெக்ட்’ செய்யும் என்று அதில் இருந்தது. “மிஸ், இது அச்சுப்பிழையா?” இல்லை. எஃபெக்ட் வினையாக வந்தால் ‘உண்டாக்குவது’. முதல் எழுத்தை மாற்றிவிட்டால், சட்டம் மாற்றத்தைக் கொண்டுவருவது போய், ஏற்கெனவே நடக்கும் மாற்றத்தைப் பாதிப்பதாக ஆகிவிடும். இந்த விதிவிலக்கை அடுத்த வகுப்புக்கு என்று வைத்திருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

அரத்தையும் அறத்தையும் குழப்பாத பிள்ளைகள்தான் இவர்கள். அந்தச் சொற்களை வாக்கியத்தோடு கேட்டு வளர்ந்தார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஜோடி ஜோடியாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் குழப்பம் கூடத்தான் செய்யும்.

மெய்ப்பு பார்ப்பவர்:
சரிதான் மேடம். ஆனால் காரணம் தெரிந்தால் சில ஜோடிகள் தானாகவே பிரிந்துவிடும். ஸ்டேஷனரியை எடுத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்பதற்கு ‘ஏ’, தாள் பேனாவுக்கு ‘ஈ’. இடைக்கால ஐரோப்பாவில் அலைந்து விற்றவர்களுக்கு நடுவே ஒரே இடத்தில் கடை போட்ட புத்தக வியாபாரிக்கு ஸ்டேஷனர் என்று பெயர். பேக்கர், டெய்லர் மாதிரி ஒரு தொழில்காரர். பேக்கருக்குப் பேக்கரி எப்படியோ, ஸ்டேஷனருக்கு ஸ்டேஷனரி அப்படி. அந்த ‘ஈ’ அவரிடமிருந்து வந்தது.

கிடங்குப் பொறுப்பாளர்:
எங்கள் தொல்லை தலைகீழ். எதிர்ச்சொல் மாதிரி இருக்கும், பொருள் ஒன்றே. ‘ஃப்ளேமபிள்’, ‘இன்ஃப்ளேமபிள்’ இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பதைத்தான் சொல்கின்றன. கரைப்பான் டப்பாவில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று பார்த்துவிட்டு, தீப்பிடிக்காதது என்று நினைத்து வெல்டிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கப்போனார் ஒரு புதிய ஊழியர். அங்கே ‘இன்’ என்பது மறுப்பு இல்லை, தீமூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃப்ளேம்’ என்ற வினையின் பகுதி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ‘ஃப்ளேமபிள்’ போதும் என்று வலியுறுத்தியது. பழைய டப்பாக்களில் இன்னும் இருக்கிறது. நிஜமாகவே எரியாதது என்றால் ‘நான்-ஃப்ளேமபிள்’ என்று போட்டிருக்கும்.