லேசர் அளவீட்டை நம்பி 20 சென்றிமீற்றர் மணல் ஏறியதென்று எழுதலாமா?

கொழும்பு மாணவி: இறுதியாண்டு ஆய்வுக்கு கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் மணற்திட்டுகளை எடுத்திருக்கிறேன். 1963இல் கிளென் கேன்யன் அணை வந்ததிலிருந்து மேலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிவிடுகிறது, அதனால் கீழே திட்டுகள் கரைகின்றன. விமானத்திலிருந்து எடுத்த இரண்டு லேசர் தரவுகளின் உயரங்களைக் கழித்துப் பார்த்தேன், ஓரிடத்தில் 20 செ.மீ. ஏறியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் உயரப் பிழை சுமார் 15 செ.மீ. இது போதுமா?

நில அளவையாளர்: தங்கச்சி, போதாது. பிழைகள் இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 21 செ.மீ. வரும், 95 வீத நம்பிக்கை வேண்டுமென்றால் அதை 1.96ஆல் பெருக்குங்கள், 42 செ.மீ.க்குக் கிட்ட வந்துவிடும். ஒரு புள்ளியில் தெரியும் 20 செ.மீ.யை மணல் என்று சொல்லவே முடியாது. பெரிய திட்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் எழுந்தமானப் பிழை, அதாவது ஓரிடத்தில் கூடியும் இன்னோரிடத்தில் குறைந்தும் வரும் பிழை, குறையும், ஆனால் ஒரு விமான ஓட்டம் முழுவதும் 10 செ.மீ. தூக்கிக் காட்டியிருந்தால் எவ்வளவு சராசரி எடுத்தாலும் அது போகாது. ஆகவே முதலில் அசையாத பாறைத் தளங்களில் இரண்டையும் கழித்துப் பாருங்கள். அங்கே பூச்சியத்தை ஒட்டி வராவிட்டால் மணலைப் பற்றிப் பேச வேண்டாம்.

மலைநாட்டான்: அண்ணா சொன்னது சரி, ஆனால் அந்தப் பாறை தட்டையாக இருக்க வேண்டும். 60 பாகைச் சரிவில் கிடையாக 30 செ.மீ. விலகினால் உயரத்தில் 52 செ.மீ. பொய் மாற்றம் வரும். ஆழமான பள்ளத்தாக்கில் சுவர்கள் வானத்தை மறைப்பதால் லேசர் உயரங்களைச் சரிபார்க்க அடியில் வைக்கும் ஜிபிஎஸ் கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் பலவீனமாகத்தான் இருக்கும். கரையோரத் தாமரிஸ்க் புதர்களையும் கவனியுங்கள், அடர்ந்த இடத்தில் புதரின் அடிப்பகுதியே தரையென்று பதிவாகும்.

கொழும்பு மாணவி: மிக்க நன்றி. அப்படியானால் நம்ம களனி கங்கைக்கு, கித்துல்கலப் பக்கம், இதே முறை சரிவருமா?

நில அளவையாளர்: அங்கே காடுதான் பெரிய தடை, அதைவிட நீர்மட்டம். கிராண்ட் கேன்யனில் அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 226 கன மீற்றர் என்று நிலையாக விட்டுக்கொண்டு பறந்திருக்கிறார்கள், அதனால்தான் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட முடிகிறது. கித்துல்கலவில் மேலே உள்ள மின்நிலையங்கள் ஓடுவதைப் பொறுத்து ஒரே நாளிலேயே மட்டம் ஏறி இறங்கும். அகச்சிவப்பு லேசர் தண்ணீருக்குள் போகாது, பச்சை லேசர் தெளிந்த நீரில்தான் அடியைத் தொடும், மழைக்காலக் கலங்கலில் அதுவும் பயனில்லை. பறக்கும் நேரத்தை மின்நிலையத்துடன் பேசி முடிவு செய்ய முடிந்தால், வறண்ட மாதத்தில், நீருக்கு வெளியே தெரியும் திட்டுகளை மட்டும் அளந்து பாருங்கள்.