சோபாவில் உட்கார்ந்து வாங்கிய ஐந்து நட்சத்திரம்

பரண்மேல்பூனை:
தீபாவளி விருந்தில் உறவினர்களோடு ஜஸ்ட் டான்ஸ் என்ற நடன வீடியோ விளையாட்டை ஆடியதை டொராண்டோ சித்தப்பா நேற்று இங்கே எழுதியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது, கடைசி வரி வரைக்கும். "ஐந்து நட்சத்திரம் வாங்கியவனுக்கு ஆடத் தெரியும், வாங்காதவனுக்குத் தெரியாது, கருவி பொய் சொல்லாது" என்று முடித்துவிட்டார். ஐயா, 2009இல் நிண்டெண்டோவின் வீ என்ற விளையாட்டுக் கருவிக்கு முதல் ஜஸ்ட் டான்ஸ் வந்தபோதே தெரிந்த விஷயம் இது. வலது கையில் இருக்கும் ரிமோட்டின் அசைவைத்தான் அது கணக்கிடுகிறது. இடுப்பையும் காலையும் அது பார்ப்பதே இல்லை. என் மாமியார் சோபாவில் உட்கார்ந்து, இடது கையால் முறுக்குத் தின்றுகொண்டே ஐந்து நட்சத்திரம் வாங்கினார். அவருக்கும் ஆடத் தெரியும் என்கிறீர்களா?

டொராண்டோ சித்தப்பா:
தம்பி, எத்தனை புள்ளி? அதைச் சொல்லவில்லையே. 10,000 தொட்டாலே ஐந்து நட்சத்திரம் விழும். முழுமை 13,333. என் மகள் 12,000க்குக் கீழே இறங்கியதே இல்லை. சோபாவில் உட்கார்ந்து 12,000 வாங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

பரண்மேல்பூனை:
நேற்று நட்சத்திரம் என்றீர்கள், இன்று புள்ளி என்கிறீர்கள். நாளைக்கு என்ன, வியர்வையை அளக்கப் போகிறீர்களா?

சலங்கை:
இருபது பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லித் தருகிறவள் நான். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தால் அந்த ரிமோட்டுக்குத் தெரியுமா? முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று தெரியுமா? எங்கள் வகுப்பில் ஒரு பெண் இந்த விளையாட்டில் சூரப்புலி. காலைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவுக்கு நிற்கச் சொன்னால் கை மட்டும் பறக்கிறது, கால் தரையை விட்டு எழுவதில்லை.

டொராண்டோ சித்தப்பா:
அம்மா, அது நீங்கள் கற்றுக்கொடுத்த கோளாறாக இருக்கக்கூடாதா? புள்ளி என்ன என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

சலங்கை:
என் வகுப்பைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி? 12,000 புள்ளியா?

கம்பிக்காரன்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். எல்லா ஆட்டமும் ஒன்றில்லை. 2010இல் ஹார்மோனிக்ஸ் நிறுவனம் கைனெக்ட் என்ற கேமராக் கருவிக்காகக் கொண்டுவந்த டான்ஸ் சென்ட்ரல் விளையாட்டில் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். ஆழத்தை அளக்கும் கேமரா உடம்பின் 20 மூட்டுகளைப் பின்தொடரும். தவறாக ஆடினால், திரையில் இருக்கும் ஆட்டக்காரருக்கு அந்த உறுப்பு சிவப்பாக மாறும். அதில் சோபா வித்தை பலிக்காது. ஆனால் ஒருவர் ஆட ஆறடி, இருவர் ஆட எட்டடி தள்ளி நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் தூக்கி வராந்தாவில் வைத்தோம்.

டொராண்டோ சித்தப்பா:
2017இல் உற்பத்தியையே நிறுத்திவிட்ட கருவியை வைத்து என்னிடம் வாதாடுகிறீர்கள். நன்றாக விற்றிருந்தால் நிறுத்துவார்களா?

கம்பிக்காரன்:
விற்றதா என்பது கேள்வியே இல்லை. உடம்பைப் பார்க்கிறதா என்பதுதான் கேள்வி.

டொராண்டோ சித்தப்பா:
புள்ளி எவ்வளவு என்பதுதான் கேள்வி. பூனை இன்னும் வாய் திறக்கவில்லை.

பரண்மேல்பூனை:
வலது கை. வலது கை. வலது கை. இதற்கு நீங்கள் பதில் சொன்னீர்களா? கிரைண்டர் விவாதத்திலும் இப்படித்தான் செய்தீர்கள். கல் தேய்வதைப் பற்றிக் கேட்டால் வாட் கணக்குச் சொன்னீர்கள்.

டொராண்டோ சித்தப்பா:
கிரைண்டர் விவாதத்தில் நான் சொன்னதுதான் சரி. இரண்டு ஆண்டுகளாக உங்களுக்கு அது உறுத்துகிறது. அதற்கு நான் என்ன செய்வது?

இடதுகை இந்திரா:
வலது கையைப் பற்றியே பேசுகிறீர்கள், என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது? திரையில் ஆடுபவர் கண்ணாடிப் பிம்பம் மாதிரி ஆடுகிறார், அதனால் பார்த்து ஆடுவது சுலபம்தான். ஆனால் ரிமோட்டை வலது கையில்தான் பிடிக்க வேண்டும். பழக்கத்தில் இடது கையில் பிடித்துவிட்டால், சரியாக ஆடினாலும் தவறு என்று எக்ஸ் எக்ஸாக விழுகிறது. நாத்தனார் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

டொராண்டோ சித்தப்பா:
பார்த்தீர்களா! தவறாக ஆடினால் கருவி கண்டுபிடித்துவிடுகிறது.

இடதுகை இந்திரா:
தவறாக ஆடவில்லை ஐயா. இடது கையில் பிடித்தேன்.

பரண்மேல்பூனை:
நான் சொன்னதை இந்திரா நிரூபித்துவிட்டார்.

டொராண்டோ சித்தப்பா:
நான் சொன்னதைத்தான் நிரூபித்தார்.

பழையவிசிறி:
எனக்கு இதெல்லாம் வேடிக்கை. 1998இல் ஜப்பானில் கொனாமி விட்ட டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் காலால் மட்டும் ஆடுவது. மிதிக்க நான்கு அம்புக்குறிகள், அவ்வளவுதான். விளையாட்டுக்கூடங்களில் கெட்டிக்காரர்கள் பின்னால் இருக்கும் கம்பியைக் கைகளால் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஒன்று காலை மட்டும் பார்த்தது, இன்னொன்று கையை மட்டும் பார்க்கிறது. இதில் எதை நடனம் என்று சண்டை போடுகிறீர்கள்? வீட்டில் ஆட விரிக்கும் அம்புக்குறி போட்ட பாய் டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டே போகும். மூலையில் அரிசிமூட்டை வைத்து அமுக்கினோம்.

மூன்றாம்மாடி:
பாயை விரித்துக் குதித்தவர் நீங்கள்தானா? எங்கள் தலைக்கு மேல் வீட்டிலும் ஒரு குடும்பம் ஞாயிறு மாலையானால் தொடங்கிவிடுகிறது. மின்விசிறி ஆடுகிறது. சொல்லப் போனால், "குழந்தைகள்" என்கிறார்கள். குதிப்பது நாற்பது வயதுக்காரர் என்று கால் சத்தத்திலேயே தெரிகிறது.

டொராண்டோ சித்தப்பா:
எங்கள் வீட்டில் பேஸ்மென்ட் இருக்கிறது. கீழே யாரும் இல்லை.

கம்பிக்காரன்:
ரிமோட்டை வீசி டிவியை உடைத்த கதையை யாரும் சொல்லவில்லையே? 2006 டிசம்பரில் நிண்டெண்டோ வீ ரிமோட்டை மணிக்கட்டில் மாட்டும் மெல்லிய கயிறுகளுக்குப் பதிலாகத் தடித்தவற்றைத் தந்தது. சுமார் 32 லட்சம் கயிறுகள்.

டொராண்டோ சித்தப்பா:
கயிற்றை மாட்டத் தெரியாதவன் ஆட வரக்கூடாது. என் மச்சான் அப்படித்தான் எங்கள் டிவியை உடைத்தார், இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. பூனை, புள்ளி?

பரண்மேல்பூனை:
மாமியாரிடம் கேட்டேன். "கண்ணாடி போடவில்லை, நட்சத்திரம் மட்டும் தெரிந்தது" என்கிறார்.

டொராண்டோ சித்தப்பா:
அப்படியானால் ஐந்து என்று எப்படி எண்ணினார்?

சலங்கை:
ஒரு பெரியவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?

மூன்றாம்மாடி:
மேல்வீட்டில் மறுபடியும் தொடங்கிவிட்டார்கள். பாயின் அடியில் எதைப் போட்டால் சத்தம் குறையும் என்று யாராவது சொல்லுங்கள், வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

டொராண்டோ சித்தப்பா:
முதலில் அவர்கள் புள்ளி என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.