சி.இ.சி.யைத் தாண்டி ஒட்டும் சி.டி.ஏ.பி.: கணக்கில் பிழையா?

மண்துகள்:
சோடியம் மான்ட்மோரில்லோனைட் களிமண், அதன் சி.இ.சி. (நேர் அயனிகளைப் பரிமாறும் திறன்) 100 கிராமுக்கு 90 மில்லிஈக்விவலன்ட், அதாவது கிராமுக்கு 0.9 மில்லிமோல். 0.5 கிராம் களிமண்ணை 50 மி.லி. 15 மில்லிமோலார் சி.டி.ஏ.பி.யில் (நேர்மின் தலையும் நீண்ட வாலும் கொண்ட, சோப்பு போன்ற புரோமைடு உப்பு) 25 டிகிரியில் 24 மணி நேரம் குலுக்கினேன். களிமண்ணைப் பிரித்தபின் தெளிநீரில் மிஞ்சியது 2 மில்லிமோலார்தான். அப்படியானால் கிராமுக்கு 1.3 மில்லிமோல் ஒட்டியிருக்கிறது. 0.9-க்கு மேல் எப்படிப் போகும்? கால்சியம் களிமண்ணோடு குலுக்கினால் எஸ்.டி.எஸ்.கூட (சோடியம் டோடெசைல் சல்பேட், எதிர்மின் தலை கொண்டது) பி.எச். 9-ல் கரைசலில் குறைகிறதே, அது ஏன்?

அடுக்கிடை:
0.9 என்பது அயனிப் பரிமாற்றத்துக்கு மட்டும்தான் உச்சவரம்பு. அதன்பின் வரும் மூலக்கூறுகள், ஏற்கெனவே ஒட்டியவற்றின் வால்களோடு வால் சேர்ந்து அமர்கின்றன. தலையின் நேர்மின்னைச் சமன்செய்ய புரோமைடையும் கூடவே இழுத்துப் போகும். அதனால் தெளிநீரில் புரோமைடை அளந்து பாருங்கள். முழுக்கப் பரிமாற்றம் என்றால் 15 மில்லிமோலார் அப்படியே நிற்கும். கிராமுக்கு மிகுதியான 0.4 மில்லிமோல் வால் பிணைப்பால் வந்தது என்றால் 11-க்கு இறங்கும். வெளியேறிய சோடியம் 9 அருகில் இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணும் பொருந்தினால் 1.3 மெய்தான்.

தெளிநீர்:
அதற்கு முன் மையவிலக்கியின் வெப்பநிலையைச் சொல்லுங்கள். சி.டி.ஏ.பி.யின் கிராஃப்ட் வெப்பநிலையே (இதற்குக் கீழே அது சரியாகக் கரையாது) ஏறக்குறைய 25 டிகிரி. குளிரூட்டிய மையவிலக்கியில் சுற்றினால் அது படிகமாகி களிமண்ணோடு அடியில் படியும், நீங்கள் அதையும் ஒட்டியதாக எண்ணிவிடுவீர்கள். 30 டிகிரியில் வைத்துச் செய்வது நல்லது. களிமண் போடாத கரைசல் ஒன்றையும் அதே குழாயில், அதே படிகளில் ஓட்டுங்கள். வடிகட்டினால் முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள், சவ்வும் கொஞ்சம் விழுங்கும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. சி.இ.சி. அளவில் திரண்டு சட்டென்று படியும் களிமண், அதைத் தாண்டியதும் மேற்பரப்பு நேர்மின்னாகி மறுபடி கலங்கும். அந்தக் கலங்கலோடு டி.ஓ.சி. (மொத்தக் கரிமக் கார்பன்) எடுத்தால் ஒட்டியது குறைவாகத் தெரியும்.

அடுக்கிடை:
எஸ்.டி.எஸ். விஷயம் பெரும்பாலும் ஒட்டலே அல்ல, வீழ்படிவு. பி.எச். 9-ல் களிமண் துகளின் விளிம்புகளிலும் அதற்கு இடம் குறைவு. எஸ்.டி.எஸ்.ஸின் சோடியம் களிமண்ணிலிருந்து கால்சியத்தைத் தள்ளுகிறது, அது டோடெசைல் சல்பேட்டோடு சேர்ந்து திரிந்து படிகிறது. சோதிக்க, களிமண்ணை வெறும் நீரில் குலுக்கினால் போதாது, கால்சியம் வெளியே வராது. அதே மோலார் அளவு சோடியம் குளோரைடில் குலுக்கி, தெளிந்த நீரில் எஸ்.டி.எஸ். விடுங்கள். கலங்கினால் விடை கிடைத்துவிட்டது. செறிவை ஏற்றிக்கொண்டே போனால் 'ஒட்டல்' உச்சம் தொட்டு இறங்குவதும் இதற்கே உரிய அடையாளம், மைசெல்கள் (எஸ்.டி.எஸ். மூலக்கூறுகளின் திரள்கள்) வீழ்படிவை மீண்டும் கரைத்துவிடும்.

மண்துகள்:
மையவிலக்கி 10 டிகிரி. 30-ல் மறுபடி ஓட்டி, புரோமைடு எண்ணோடு வருகிறேன்.