கலவை ஊசியிலிருந்து நான்கு வேளை ஊசிக்கு: துறைமுகத்துக் கணக்குப்பிள்ளையின் அனுபவம்

கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். வயது 57, சர்க்கரை நோய் வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை மட்டும் போதாமல் போனபோது, 30/70 கலவை இன்சுலினைக் காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இரண்டே ஊசி, விலையும் குறைவு என்பதால் மகிழ்ச்சியாகவே தொடங்கினேன்.

அந்தக் குப்பிக்குள் இரண்டு இன்சுலின் இருக்கின்றன. 30 பங்கு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிக் காலை உணவைக் கவனித்துக்கொள்ளும். மற்ற 70 பங்கு மெல்ல ஏறி, நான்கு மணி நேரத்துக்குப் பிறகு உச்சத்துக்கு வரும். ஆகவே ஏழரை மணிக்கு ஊசி போட்டவன் நண்பகலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். படகு எப்போது கரை சேரும், ஏலம் எப்போது முடியும் என்பதோ என் கையில் இல்லை.

வஞ்சிரம் வரத்து அதிகமாக இருந்த ஒரு நாள், ஒன்றரை மணி வரை நான் சாப்பிடப் போகவில்லை. 8 என்று எழுதத் தொடங்கிய பேனா கீழ்ச்சுழியை முடிக்காமல் கோட்டைத் தாண்டி ஓடியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எதிரே நின்றவர் விலை கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல வாய் வரவில்லை. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த தம்பிதான், "அண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்களே" என்று பதறி, சர்க்கரையை அள்ளிப் போட்ட டீயைக் கொண்டுவந்து குடிக்க வைத்தான். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் மீட்டர் 58 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. இன்னொரு டீ குடித்த பிறகே எழுந்து நின்றேன்.

மூன்றாம் முறையும் இப்படி ஆனபோது மருத்துவர் முறையையே மாற்றினார். இரவு பத்து மணிக்கு கிளார்ஜின் என்ற நீண்டநேர இன்சுலின் 13 யூனிட். அது ஏறக்குறைய ஒரு நாள் முழுதும் பெரிய உச்சமில்லாமல் வேலை செய்கிறது. சாப்பிட உட்காரும்போது மட்டும் விரைவு இன்சுலின், வேளைக்கு 4 அல்லது 5 யூனிட். மதிய உணவு மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் அந்த ஊசியும் மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். செலவு கூடிவிட்டது, வயிற்றில் ஊசித் தடங்களும் கூடிவிட்டன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.1-இலிருந்து 7.7-க்குத்தான் இறங்கியது என்றாலும், அந்த நடுக்கம் திரும்ப வரவில்லை. எனக்கு அதுவே பெரிது. 708 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியான ஓர் ஒப்பாய்விலும், நீண்டநேர இன்சுலினில் தொடங்கியவர்களுக்கே தாழ்சர்க்கரை மிகக் குறைவாக வந்தது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்குப் பின்னர் சாப்பாட்டு ஊசியைச் சேர்க்க வேண்டியிருந்தது.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் ஐஸுக்கா பஞ்சம் என்று குப்பியை மீன் பெட்டிக்குள் வைத்தேன். அது உறைந்து, உருகிய பிறகு உள்ளே வெண்ணிறத் துணுக்குகள் மிதந்தன. உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது ஈரத்துணி சுற்றிய சிறு மண்பானைதான்.

*

அண்ணனுக்கு வணக்கம், உங்கள் அனுபவத்தைப் படித்தேன். நான் புதுச்சேரி லாஸ்பேட்டை. 74 வயதான என் அம்மாவுக்குக் கலவை இன்சுலினே பொருந்தியிருக்கிறது, ஏனெனில் அவர்களுக்கு எட்டு மணிக்கு இட்லி, பன்னிரண்டரைக்குச் சோறு என்பதில் ஒரு நாளும் மாற்றமில்லை. நான் வேலைக்குப் போய்விட்டால் மதியம் ஊசி போடவும் ஆளில்லை. பல மாதங்கள் குப்பியை உருட்டாமலே மருந்தை எடுத்திருக்கிறோம்; இப்போது கலங்கல் சீராகும் வரை உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டுகிறேன், குலுக்குவதில்லை. எங்கள் குப்பி மில்லிக்கு 40 யூனிட் என்பதால், 100 யூனிட் சிரிஞ்சைக் கடைக்காரர் தவறிக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இரண்டின் கோடுகளும் வேறு. இரவு ஊசி விடியற்காலையில் சர்க்கரையை இறக்கிவிட்டதால் மருத்துவர் 2 யூனிட் குறைத்தார். அதன் பிறகு மூன்று இரவுகள் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்த்தேன்: 118, 124, 112. நான்காம் இரவு அம்மாவே, "போய்ப் படும்மா" என்று விரலை நீட்ட மறுத்துவிட்டார்கள்.